ஐந்தாவதாகப் போட்டிருந்த ஆட்டம்

கெய்ரோவில் வெயில் கொஞ்சம் அடங்கி, சாயங்காலமானால் நைல் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்ததும் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வியாதி வந்துவிடும். இந்த இலையுதிர்காலத்தில் நீங்கள் தவறவிடக் கூடாத மேடை நிகழ்ச்சிகள் என்று பட்டியல் போடுவார்கள். அந்த வருஷம் ஒரு வாரப் பத்திரிகை ஏழு போட்டிருந்தது. முதலில் வெளிநாட்டிலிருந்து வந்த பாலே. அடுத்தது ஒரு கிழவர் ஒரு நாற்காலியோடு மூன்று மணி நேரம் பேசுகிற நாடகம். அதை முழுசாகப் பார்த்தவன் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. பிறகு பாவாடை சுழற்றும் தர்வேஷ் ஆட்டம், பொம்மலாட்டம். ஐந்தாவதாக, நகீல் அரங்கில் வியாழன், வெள்ளி, சனி மாலை ஏழரை மணிக்குத் தெற்கத்திக் கம்பாட்டம். 'தெற்கின் ஆண்மையைக் கண்ணெதிரே காணுங்கள்' என்று எழுதி, பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம்.

அந்தப் படத்தை எடுத்தவனை நிற்க வைத்து நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். படத்தில் இருந்தவன் ஜைதான். குழுவின் முதல் ஆட்டக்காரன். மேடையில் பதினைந்து வருஷம் ஆடியவன், ஒரு நாள்கூடத் தன் முகத்தைப் படமெடுக்க விட்டதில்லை. குழுவின் சுவரொட்டியில்கூட அவன் முதுகும் தலைப்பாகையும்தான் இருக்கும். கேட்டால், "என் மூஞ்சி படத்துல விழாது" என்று சிரித்து மழுப்புவான். விழுந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஜைதான் தெற்கே ஸோஹாக் பக்கத்துக் கிராமத்தான். இருபத்து நாலு வயதில் அந்த வட்டாரத்தில் அவனைப்போலக் கம்பு பிடிக்கிறவன் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் கினாவி, பத்து வயது மூத்தவன். இந்த ஆட்டத்தில் எதிராளியின் தலையைத் தொட்டுவிட்டால் ஜெயம். தொடுவது என்றால் அடிப்பதல்ல. ஓங்கின கம்பு தலைக்கு மேலே ஒரு விரற்கடையில் நின்றுவிட வேண்டும். நிறுத்தத் தெரியாதவனை யாரும் வட்டத்துக்குள் விடமாட்டார்கள். ஜைதானும் கினாவியும் கல்யாண வீடுகளில் எதிரெதிரே நின்றால், மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊரே இவர்களைப் பார்க்கும்.

ஒரு நாள் வாய்க்கால் தண்ணீர் முறைக்காகச் சண்டை. யாருடைய முறை என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. பேச்சு முற்றி, பம்பு மோட்டாருக்குப் பக்கத்தில் இருபது பேர் முன்னால் கினாவி இவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். ஜைதான் திருப்பி அடிக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கல்யாணத்தில் இருவரும் வட்டத்துக்குள் இறங்கினார்கள், ஜைதானின் கம்பு கினாவியின் நெற்றிப்பொட்டில் விழுந்தது. மண்டை உடைந்த சத்தம் மேளத்தை மீறிக் கேட்டதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். காதிலிருந்து ரத்தம் வந்தது. அரை மணி நேரத்தில் ஆள் போய்விட்டான்.

"கை தவறிடுச்சு" என்றான் ஜைதான். போலீஸிடமும் அதையே சொன்னான், ஊர்ப் பெரியவர்களிடமும் அதையே சொன்னான். வட்டத்துக்குள் சிந்தின ரத்தத்துக்குப் பழி கிடையாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் பாதி ஊர் அதை ஒப்புக்கொண்டது. ஜைதானின் சொந்தக்காரர்கள் ஒரு படி மேலே போய், கினாவிக்கு ஆடத் தெரியவில்லை, தலையைக் கொண்டுவந்து கம்புக்குக் கொடுத்துவிட்டான் என்று சொல்லித் திரிந்தார்கள். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை அல்லவா?

ஆனால் கினாவியின் மனைவி துக்கம் வாங்கிக்கொள்ளவில்லை. வாசலில் நாற்காலி போடவில்லை, காப்பி வைக்கவில்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். அந்த ஊரில் சாவு வீட்டில் துக்கம் வாங்கவில்லை என்றால் கணக்கு தீரவில்லை என்று அர்த்தம். கினாவியின் மகன் ஹிகாஸிக்கு அப்போது ஏழு வயது. எல்லோரும் அந்த ஏழு வயதுப் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். ஜைதான் மறுநாளே ரயிலேறிவிட்டான்.

கை தவறியதா? அவனோடு ஆடிய எவனைக் கேட்டாலும் சிரித்திருப்பான். ஓடுகிற எலியின் முதுகைத் தொட்டுவிட்டுக் கம்பை நிறுத்துகிறவன் அவன். தவறவில்லை. வேண்டுமென்றுதான் அடித்தான். இது அவனுக்கு மட்டுமே தெரியும்.

கெய்ரோவில் இரண்டு வருஷம் செங்கல் சுமந்தான். சொந்த ஊரைக் கேட்டால் வேறு ஊர் சொன்னான். முதல் வருஷத்தில் ஒரு இரவு, தெற்கத்திப் பேச்சு பேசிக்கொண்டு பின்னால் வந்த ஒருவனை, பழி வாங்க வந்தவன் என்று நினைத்துச் செங்கல்லால் முகத்தில் அடித்துவிட்டான். அவன் பாவம், வழி கேட்க வந்தவன். மூன்று பற்கள் போயின. காவல் நிலையத்தில் ஜைதானைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளங்காலில் அடித்துத் தோலை உரித்தார்கள். இன்றைக்கும் ஈரம் பட்டால் அவனுக்குக் கால் கடுக்கும். அதற்குப் பிறகு ஒரு தெருக் கல்யாணத்தில் அவன் கம்பு சுற்றுவதைப் பார்த்த ஃபிக்ரி என்ற நடனக் குழுத் தலைவர் அவனைக் கையோடு அழைத்துப் போய் மேடையேற்றினார். எல்லோரும் அவரை உஸ்தாத், அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஃபிக்ரி கெட்டவர் இல்லை. ஆனால் கைதட்டலுக்காகப் பெற்ற தாயையும் மேடையில் ஆட விடுவார். "மெதுவா அடிச்சா ஜனம் தூங்கிடும்பா, சத்தம் வேணும், சத்தம்!" என்று ஒத்திகையில் கத்துவார். அவர் சொல்லைக் கேட்டு ஆடி இரண்டு பேருக்கு விரல் உடைந்தது, ஒருவனுக்கு முன்பல் போனது. ஜைதானுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அவனால் யாருக்கும் ஒன்றும் ஆகவுமில்லை. வாரத்தில் மூன்று மாலைகள், தலைக்கு மேல் ஒரு விரற்கடையில் அவன் கம்பு நிற்கும்.

குழுவின் உடைகளைத் தேய்த்துக் கொடுக்கிற அவாதிஃபை அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டான். ஃபிக்ரியிடம் சொன்ன அதே கதையைத்தான் அவளுக்கும் சொன்னான், கை தவறிவிட்டது என்று. அவள் அன்று அழுதாள். "என் கண்ணு, எத்தனை வருஷமா இதைத் தனியா சுமந்தீங்க" என்று அவன் தலையைக் கோதினாள். பத்து வயதில் ரிஹாப் என்று ஒரு மகள் அவர்களுக்கு.

பத்திரிகை வந்த அன்று அவாதிஃப்தான் முதலில் பார்த்தாள்.

"ரிஹாப் அப்பா, இங்க வாங்களேன்! பேப்பர்ல உங்க மூஞ்சி! மீசைதான் கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு, மத்தபடி ராஜா மாதிரி இருக்கீங்க."

அவன் பார்த்தான். கையிலிருந்த தேநீர்க் கோப்பை சுவரில் போய் உடைந்தது. ரிஹாப் பயந்து அழுதாள். அவன் செருப்புக்கூடப் போடாமல் அரங்கத்துக்கு ஓடினான்.

"உஸ்தாத், இனிமே நான் ஆடல."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? இந்த மாசம் முழுக்க டிக்கெட் வித்துப்போச்சு! பாலேவுக்கே இவ்வளவு கூட்டம் இல்ல."

"என் மூஞ்சியைப் போட விட்டுட்டீங்களே."

"உன் மூஞ்சி என்ன, பொண்ணு பார்க்க வர்ற வரைக்கும் திரை போட்டு மூடி வைக்கிற மூஞ்சியா? ஒத்திகையில ஒரு பையன் எடுத்தான், போட்டுட்டாங்க. பதினேழு வருஷம் ஆச்சு ஜைதான். கை தவறினதுக்குப் போய் இன்னும் எவன்பா கத்தியைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான்? அவனவனுக்குப் பொழப்பு இல்லையா?"

மறுபடி ஓட வேண்டும் என்றால் பெண்டாட்டி பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கை தவறினவன் எதற்கு ஓட வேண்டும் என்று அவாதிஃப் கேட்டால் என்ன சொல்வது? இருந்துவிட்டான். முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாம் சனிக்கிழமை வந்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஃபிக்ரி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்துக் கேட்பது வழக்கம். "இந்தச் சபையில ஆம்பளைங்க யாராவது இருக்கீங்களா? மேல வாங்க!" வட்டத்தில் கம்பு கேட்டு வருகிறவனை மறுக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். வழக்கமாகக் கல்லூரிப் பையன்களோ தொந்தி போட்ட மாப்பிள்ளைகளோதான் வருவார்கள். ஜைதான் அவர்களை இரண்டு சுற்று சுற்ற வைத்து, தலைப்பாகையைத் தட்டிவிட்டு, கட்டிப்பிடித்து அனுப்பிவைப்பான். ஜனம் சிரிக்கும்.

அன்று நாலாம் வரிசையிலிருந்து சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு இளைஞன் மேலே வந்தான். கூடையிலிருந்த கம்புகளில் ஒன்றை எடுத்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்து எடை பார்த்தான். பிறகு கம்பின் நுனியால் தரையைத் தொட்டு, நெஞ்சில் வைத்து வணங்கினான். நகரத்துப் பையன்களுக்கு அந்த வணக்கம் தெரியாது. பெரிய மேளக்காரன் பஷந்தியும் தெற்கத்தியான்தான். அவன் கை அரை நொடி தடுமாறியது.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றான் ஜைதான்.

"கினாவி மகன்."

நாதசுரம் போன்ற அவர்கள் குழல் காதைப் பிளந்துகொண்டிருந்ததால் மேடையில் இருந்த மற்றவர்கள் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

"ஆடிக்கிட்டே பேசு" என்றான் ஹிகாஸி, சுற்றத் தொடங்கியபடி. "நின்னா எல்லாரும் பார்ப்பாங்க. நான் கொல்ல வரல."

கம்புகள் மோதின. நல்ல கை அவனுக்கு. அப்பனின் கை.

"பின்ன எதுக்கு வந்தே?"

"ஒரே ஒரு வார்த்தை கேட்க வந்தேன். எங்கம்மா பதினேழு வருஷமா எந்த வீட்டுக் காப்பியும் குடிக்கல. என் கல்யாணத்துல மேளம் இல்ல. என் சித்தப்பன் என்னைப் பார்க்கிறப்பல்லாம், 'வந்துட்டாரு பொம்பளை'ம்பான். அடுத்த மாசம் என் பொண்டாட்டிக்குப் பிரசவம். ஆம்பளைப் பிள்ளை பொறந்தா நாளைக்கு அவன் தலையிலயும் இதையே கட்டுவாங்க. எனக்கு வேணாம்யா. நான் மினிபஸ் ஓட்டறவன். எனக்கு வேணாம்."

ஜைதான் ஒரு வீச்சைத் தடுத்தான். "நான் என்ன செய்யணும்?"

"ஆண்டவன் மேல ஆணையா, கை தவறிடுச்சுன்னு உன் வாயால சொல்லு. நாளைக்கே ஊருக்குப் போயி வாசல்ல நாற்காலி போட்டு துக்கம் வாங்கிக்கிறேன். அதோட எல்லாம் முடிஞ்சுது. நீயும் பிழைச்சே, நானும் பிழைச்சேன்."

பாருங்கள், எவ்வளவு சுலபம்! பதினேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. இன்னொரு முறை சொன்னால் போதும். அந்தப் பையன் பொய்யையே கையேந்திக் கேட்கிறான். ஜைதான் வாயைத் திறந்துவிட்டான். அவாதிஃப், ரிஹாப், வீடு எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் நின்றன.

அதற்குள் ஹிகாஸி அவசரப்பட்டு இன்னொன்றைச் சொல்லித் தொலைத்தான். ஜைதானுக்கு வழியை எளிதாக்குகிறோம் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"எங்கப்பாவுக்குச் சரியா ஆடத் தெரியாது, அதான் தலையைக் கொண்டு வந்து குடுத்துட்டாரு. ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. அதையும் நான் முழுங்கிக்கிறேன். சரிதானே?"

இந்தக் கம்புக்காரர்களின் புத்தியே இதுதான். கொலையை மறைத்துவிடுவார்கள், பொய்ச் சத்தியம் செய்துவிடுவார்கள். ஆனால் நல்ல ஆட்டக்காரனைப் பார்த்து ஆடத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் நெஞ்சு கொதித்துவிடும். ஜைதானுக்குக் கொதித்தது.

"எந்த நாய் சொன்னது?" என்றான். "உங்கப்பன் மாதிரி ஆடறவன் நம்ம பக்கத்துல பொறக்கவே இல்ல. நான் அவர்கிட்ட பாதி."

"அப்ப எப்படிப் பட்டுது?"

ஜைதான் இரண்டு சுற்று சுற்றினான். ஹிகாஸி விடவில்லை.

"சொல்லுய்யா! அவ்வளவு நல்லா ஆடறவருக்கு எப்படிப் பட்டுது?"

"உங்கப்பா கம்பைத் தாழ்த்திட்டாரு" என்றான் ஜைதான். "மூணு நாளைக்கு முன்னாடி என்னை அறைஞ்சிருந்தாரு. வட்டத்துல கிட்ட வந்து, கம்பைக் கீழ விட்டு, 'அறைஞ்சது என் தப்புதான் தம்பி, மனசுல வெச்சுக்காதே'ன்னாரு. என் காதுல நல்லா விழுந்துது. விழுந்த அப்புறம்தான் அடிச்சேன்."

ஹிகாஸியின் முகத்தில் ரத்தமே இல்லை. "வேணாம்" என்றான். "இல்லன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்று ஜைதான் தலையை ஆட்டினான்.

முதல் அடி அவன் இடது தோளில் விழுந்தது, எலும்பு முறிந்தது. தடுக்கக் கூடாது, வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். வலது கை கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம், தானாக எழுந்து தடுத்தது. இரண்டாவது அடியைத் தடுத்தான், மூன்றாவதைத் தடுத்தான். நாலாவது விரல்களில் இறங்கி, இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கிவிட்டன. ஹிகாஸி அழுதுகொண்டே அடித்தான். ஆட்டமெல்லாம் போய்விட்டது, மாட்டை அடிப்பதுபோல் அடித்தான். முழங்காலில் ஒன்று. விலாவில் ஒன்று. ஜைதானின் கம்பு நடுவில் முறிந்து, பாதி பறந்து முதல் வரிசையில் விழ, ஒரு பெண் வீலென்று கத்திவிட்டுச் சிரித்தாள்.

சபை எழுந்து நின்று தாளம் போட்டுக் கைதட்டியது. எண்ணூறு பேர். பத்திரிகை சொன்னது சரிதான், என்ன வீரம், என்ன தத்ரூபம்! பஷந்தி மேளத்தை நிறுத்திவிட்டான். மேளம் நின்றால் கம்பும் நிற்க வேண்டும், அதுவும் ஆட்டத்தின் சட்டம்தான். ஆனால் கைதட்டல் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. ஹிகாஸிக்கு அது போதுமானதாக இருந்தது.

"உஸ்தாத், நிஜமாவே அடிக்கிறான்! விடுங்க, போய்ப் பிடிக்கிறேன்!" என்று பஷந்தி கத்தினான்.

"கெடுத்துடாதேடா! ஜனத்தைப் பாரு!" என்று ஃபிக்ரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் நிஜமாகவே புரிந்துகொள்ளவில்லையா, புரிந்துகொள்ள விரும்பவில்லையா என்று பஷந்தி இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை, பேசியதுமில்லை.

காதுக்கு மேல் விழுந்த அடியில் ஜைதான் மண்டியிட்டான். கண்ணில் ரத்தம் இறங்கியது. அடுத்த அடி தலையின் பின்புறம். அவன் முகம் பலகையில் மோதிய சத்தம் கேட்டதும்தான் முன்வரிசையில் சிலர் கைதட்டலை நிறுத்தினார்கள்.

பெண்கள் அந்த வட்டத்தில் காலெடுத்து வைப்பதில்லை. அவாதிஃப் வைத்தாள். உடை மாற்றும் அறையிலிருந்து கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியோடு, ஒயர் தரையில் இழுபட ஓடி வந்தாள். ஓங்கியிருந்த ஹிகாஸியின் முன்கையில் அதைச் சூட்டோடு இறக்கினாள். அவன் அலறினான், கம்பு விழுந்தது. இதுவும் ஆட்டத்தின் கடைசிக் கோமாளிக் காட்சி என்று நினைத்துப் பின்வரிசைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அவள் தலை முக்காட்டைப் பிடுங்கிச் சுருட்டி ஜைதானின் மண்டையில் அழுத்தினாள். "ரிஹாப் அப்பா... என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க..." அவன் கண் பாதி திறந்திருந்தது. மூச்சு குமிழி குமிழியாக வந்தது.

ஹிகாஸி எதிரே தொப்பென்று உட்கார்ந்தான். வெந்த கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்து கிடக்கிறவனைப் பார்த்துக் கத்தினான். "ஏன்யா சொன்னே? பொய் சொல்லுன்னுதானே கேட்டேன்! ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருப்பேனே!"

அவாதிஃப் நிமிர்ந்தாள். "என்னத்தைச் சொன்னாரு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னத்தைச் சொன்னாருன்னு கேட்கிறேன்ல!"

"எங்கப்பா கம்பைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டிருக்காரு. கேட்ட அப்புறம் இவரு அடிச்சுக் கொன்னாராம். இவர் வாயாலயே சொன்னாரு."

அவள் குனிந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதை மறுக்க அந்த முகம் அசையவில்லை. அந்தப் பாதிக் கண்ணிலிருந்து தண்ணீர்தான் வழிந்தது. பன்னிரண்டு வருஷம் தன் மடியில் கிடந்த தலை அது. கை தவறினவன் என்று நினைத்து அவள் கோதிய தலை. அவள் உதடு கோணியது, ஒரு கணம் எழுந்துவிடுவாள் என்றே பக்கத்தில் வந்து நின்ற பஷந்தி நினைத்தான். ஆனால் காயத்தை அழுத்தியிருந்த கையை அவள் எடுக்கவில்லை. விரலிடுக்கெல்லாம் ரத்தம் வழிய இன்னும் பலமாக அழுத்தினாள்.

"அழுதுகிட்டு உட்காராதடா நாயே" என்றாள் ஹிகாஸியிடம். "ஓடு. ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

ஹிகாஸி எழுந்து, கைதட்டிக்கொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.